குழாய்த் தண்ணீர்

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. அவர் வளர்த்த மீன்தொட்டிச் செடிகளுக்குத் தினமும் ஊற்றும் திரவக் கார்பன் உரத்தை இப்போது நான்தான் கலக்குகிறேன். ஒரு பங்கு உரத்துக்கு நாலு பங்கு டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

ஞாயிறன்று டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்திருந்தது. முட்டிவலியோடு மூன்று மாடி இறங்கி ஏற எனக்குத் தெம்பில்லை. போனில் மகளிடம் புலம்பினேன்.

"குழாய்த் தண்ணியவே ஊத்தும்மா. செடி என்ன, அப்பாகிட்ட போய்ச் சொல்லவா போகுது?"

ஊற்றினேன். அரை லிட்டர் கலந்து, பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு, கதவைத் தாழிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தேன்.

எழுந்தபோது தாழ் போட்டது போட்டபடி இருந்தது. பாட்டில் மட்டும் அலமாரியில் இல்லை. காலியாக, நன்றாகக் கழுவப்பட்டு, சிங்க் ஓரம் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் மூடி. இரண்டிலும் ஈரம் காயவில்லை.

வேறு வழியில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு இறங்கினேன். படிக்குப் படி ஆத்திரம் ஏறியது. நாற்பது வருஷத்தில், தான் குடித்த டம்ளரை ஒரு நாள் கழுவி வைத்திருப்பாரா இந்த மனுஷன்?