மோடத்தின் மேல் விசாரணை

தொலைபேசி லைன் வழியாக இணையம் வரவில்லை என்று வீட்டுக்காரர்கள் முதலில் மோடத்தைத் தட்டினார்கள். பிறகு அதன் வயரைப் பிடுங்கிச் செருகினார்கள். அதன்பின் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். இப்போது குப்பைக்கூடையைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

விசாரித்தது பழைய மடிக்கணினி. ஆபீசில் மேனேஜர் மேசையில் இருந்த மிடுக்கு அதற்கு இன்னும் குறையவில்லை.

"நான் நம்பர் கொடுத்தேன். நீ டயல் பண்ணினாய். லைன் கிடைக்கவில்லை. தீர்ப்பு: குற்றவாளி, மோடம்!"

"நீங்க கொடுத்த நம்பரைத்தான் போட்டேன், ஐயா."

"எதிர்த்தா பேசுகிறாய்?"

தொலைபேசி குறுக்கிட்டது. "இருப்பா. நீ கொடுத்த அந்த நம்பரை எங்க முன்னாடி ஒரு தடவை சொல்லு."

"பூஜ்யம், நாலு, ஆறு..."

"நிறுத்து. பூஜ்யம் எதுக்கு?"

"அதை அழுத்தினால்தானே ஆபீசிலிருந்து வெளியே லைன் கிடைக்கும்?"

"இது வீடு சாமி. ஆபீஸ் உன்னை எப்பவோ வெளியே அனுப்பிடுச்சு."

மடிக்கணினி கனைத்தது. "சரி, எல்லோரும் கலையலாம்."

"என் பேரை மட்டும் சத்தமா வாசிச்சீங்களே ஐயா," என்றது மோடம். "இந்தத் தீர்ப்பையும் வாசிங்க."

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த வயரும் மவுசும் பிளக்கும் நகரவில்லை. மேசையே கேட்கும்படி மடிக்கணினி வாசித்தது:

"குற்றவாளி, மடிக்கணினி."