நிழல் தின்னும் பள்ளிக்கூடம்

"காலேஜ் போற பொண்ணு, இன்னும் பொம்மைக் கதையா?"

வக்கீல் வெங்கடகிருஷ்ணன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாமலே கேட்டார். மகன் ஷ்ரேயாஸை மறுநாள் மலைமேல் இருக்கும் போர்டிங் பள்ளியில் சேர்க்க வேண்டும். அவனுடைய டிரங்குப் பெட்டியில் வெள்ளை பெயிண்டால் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் படித்த பள்ளி அது. மகள் நிருபமாவும் ஆறு வருடம் அங்கேதான் படித்தாள். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்குள் அதைச் சொல்லிவிடுவார்.

"இந்தப் படக்கதை இன்டர்நெட்ல வாரம் ஒரு பக்கம் வருதுப்பா. ஆர்குட்ல எல்லாரும் இதைத்தான் பேசுறாங்க. மர்மமான ஒரு போர்டிங் ஸ்கூல். அங்க வார்டன் பசங்களோட நிழலைத் தின்னுடுவார். நிழல் போன பசங்க லீவுக்கு வீட்டுக்கு வந்தாலும் எதையும் சொல்ல மாட்டாங்க. ஷ்ரேயாஸை அனுப்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை படிங்கப்பா."

"தின்னுட்டு ஏப்பம் விடுவாரா?" பெரிதாகச் சிரித்தார். "வேலைவெட்டி இல்லாதவன் எவனோ சும்மா கிறுக்கறான். அதுக்கு நீ ஏஜென்ட் வேற!"

"கிறுக்கல் இல்லப்பா. ஒரு பக்கம் வரைய மூணு நாள் ஆகுது." நிருபமா திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஹாஸ்டல் வாசலையே மிதிக்காத பய அவன்! நான் எட்டு வருஷம் இருந்தவன், எனக்குத் தெரியாதா? தப்பு பண்ணினா தண்டனை கொடுப்பாங்க. அதுலதான் நான் மனுஷனானேன். உன் தம்பியும் ஆகட்டும்."

"பத்தொன்பதாம் பக்கம் மட்டும்ப்பா. ப்ளீஸ்."

தொல்லை விட்டால் போதும் என்று எழுந்து வந்தார். "என்ன இது, கரியைப் பூசி வெச்சிருக்கான்? இதுக்குப் பேரு படமா?"

ஜன்னல் இல்லாத ஓர் அறை. மூலையில் ஒரு சிறுமி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவின் உள்பக்கம், தரையை ஒட்டி, நகத்தால் கீறிய கோடுகள். பழைய கோடுகளின் மேல் புதிய கோடுகள்.

இன்னொரு கிண்டலுக்காக வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். அவர் விரல் திரைக்குப் போய், அடியில் மங்கலாகத் தெரிந்த பழைய கோடுகளைத் தொட்டது. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"உன்னையும் அங்கதான் பூட்டினாங்களாம்மா?"