வாள்வீரனின் முறை

பொம்மைகளை நிறுத்திக் கதை கட்டி ஆடும் ஒரு விளையாட்டு மேசையில் ஈய வாள்வீரன் ஒருவன் இருந்தான். அவன் முறை வந்தாலே ஆடுபவர்கள் டீ குடிக்க எழுந்துவிடுவார்கள். அவன் சொல்லப்போவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே: "வெட்டுறேன்."

பக்கத்தில் நின்ற மந்திரவாதிக்கு அந்தக் கவலையே இல்லை. பறப்பான், மறைவான், விரலைச் சொடுக்கி நெருப்பு மழை பெய்யவைப்பான்.

அன்று வீரனின் முறை வந்தபோது எதிரே ஒரு ராட்சசன் நின்றான். யார் என்ன செய்யலாம் என்று தீர்ப்புச் சொல்லும் விதிப்புத்தகம் மேசை ஓரத்தில் கிடந்தது; வீரன் அதனிடம் கெஞ்சினான். "ஐயா, இந்த ஒரு தடவை அவன் தோள்மேல தாவி ஏறிக்கிறேனே?"

"கவசம் என்ன எடை தெரியுமா? நடக்கிற காரியமா பேசுப்பா," என்றது புத்தகம்.

"என் முறை வந்ததும் இந்த ராட்சசனைத் தவளையாக்கட்டுமா?" என்றான் மந்திரவாதி.

"தாராளமா. இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கம்."

வீரனுக்கு வெறுத்துப்போனது. வாளைத் தரையில் ஊன்றிவிட்டு ராட்சசனைப் பார்த்தான். "ஏம்ப்பா, உனக்கும் எப்பவும் 'குத்துறேன்' மட்டும்தானா?"

ராட்சசனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆமாண்ணே. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

எழப்போனவர்கள் டீயை மறந்து அப்படியே உட்கார்ந்தார்கள்.

புத்தகம் பதறிப்போய்த் தன்னையே புரட்டிப் பார்த்தது. இப்படி ஒன்று எந்தப் பக்கத்திலும் இல்லை. உடனே ஓரத்தில் எழுதிக்கொண்டது: "ராட்சசனை நலம் விசாரித்தல். மந்திரவாதிகளுக்கு மட்டும்."

வீரன் பெருமூச்சோடு வாளைப் பிடுங்கினான். "வெட்டுறேன்."

எல்லோரும் டீக்கு எழுந்தார்கள்.

"பார்த்து வெட்டுங்கண்ணே," என்று கழுத்தை நீட்டினான் ராட்சசன்.