இடது கன்னம்

முகச் சுருக்கம் போக்கும் களிம்பு விற்பவர்கள் தங்கள் முகத்தையே சான்றாகக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்ட காலம். செண்பகவல்லி தன் களிம்பை வலது கன்னத்தில் மட்டுமே பூசி வந்தாள். சுருக்கம் விழுந்த இடது கன்னத்தை வாடிக்கையாளர்கள் தினமும் இணைய விற்பனைத் திரையில் பார்த்தார்கள். அதனால்தான் நம்பி வாங்கினார்கள்.

விற்பனைக்கு முன் தினமும் முகத்தைச் சோதிக்கும் கருவி, ஒருநாள் இடது கன்னத்திலும் களிம்பு இருப்பதாகக் காட்டியது.

"நான் தூங்கறப்ப தடவி விடறீங்களா?" என்று கணவன் குமணனிடம் கேட்டாள்.

"எனக்கு எதுக்கு அந்த வேலை?"

அவள் நம்பவில்லை. அவனை அடுத்த அறையில் படுக்கச் சொல்லிக் கதவைத் தாழிட்டாள். மறுநாளும் கருவி அதையே காட்டியது.

மாலையில் பள்ளியிலிருந்து ஓடிவந்த மகள் இதழினி, வழக்கம்போல அம்மாவின் வலது கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துத் தேய்த்தாள். பிறகு அதே கன்னத்தை அம்மாவின் இடது கன்னத்திலும் வைத்தாள். செண்பகவல்லி அவளைப் பிடித்து விலக்கினாள்.

"இனிமே இந்தப் பக்கம் தொடக் கூடாது."

"ஏம்மா?"

"வாங்கறவங்க சந்தேகப்படுவாங்க."

மறுவாரம் இடது கன்னம் சுத்தம் என்றது கருவி. அன்று மாலை வாசலில் பள்ளி வண்டி நின்றது. இதழினி பையை வைத்துவிட்டு, அம்மாவைத் தாண்டி, அப்பாவின் அறைக்குப் போனாள்.