எட்டு இல்லாத வார்டு

அவர் மறுபடியும் ஏழு என்றார்.

"ஏழுங்கம்மா."

துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு சொன்னார். தலையணை வேர்வையில் ஊறிக் கிடந்தது. முப்பது வருஷம் லாரி ஓட்டிய கை, கட்டில் கம்பியை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தது.

இது ஏழா?

டாக்டர் தாளில் எழுதாமல் அவரையே பார்த்தாள்.

வலிக்குப் பூஜ்ஜியத்திலிருந்து பத்துவரை ஓர் எண். நோயாளி சொல்வதுதான் கணக்கு. மற்றவர்கள் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஏழுவரை மாத்திரை. எட்டைத் தொட்டால் ஊசி. இந்த விதியை எழுதியவளே அவள்தான். மூன்று வருஷ ஆராய்ச்சி. நர்சுகளுக்குப் படித்துப் படித்துச் சொல்லி வைத்திருக்கிறாள்.

காலையில் கம்ப்யூட்டரில் இருநூற்றுப் பதினாலு பேரின் எண்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தாள். ஏழு மலையாகக் குவிந்திருந்தது. ஒன்பது கொஞ்சம்.

எட்டு என்று ஒருவர்கூட இல்லை.

பதிவில்தான் பிழை என்று டைப் செய்த பெண்ணைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டாள். பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்.

இப்போது கட்டில் கம்பியில் தொங்கிய அட்டை கண்ணில் பட்டது.

7ஏ.

இந்தப் பக்கத்துக் கட்டில் ஏழு. அந்தப் பக்கத்துக் கட்டில் ஒன்பது.

எட்டாம் நம்பர் கட்டிலில் படுக்க ஆள் வராது என்று ஆஸ்பத்திரி திறந்த அன்றே மாட்டிய அட்டை. தினமும் பார்த்ததுதான். நம்பரைக் கூட்டி எட்டு வந்தால் இந்த ஊரில் லாரியைச் சீந்த மாட்டார்கள். அவ்வளவு ஏன், ஸ்கூட்டர் வாங்கியபோது அவளே கூட்டிப் பார்த்தவள்தான். படித்த படிப்பெல்லாம் அன்றைக்கு எங்கே போயிற்றோ.

சாகக் கிடக்கிறவன் அந்த எண்ணை வாயால் சொல்வானா?

குனிந்தாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஏழுக்கு அடுத்ததுங்களா, ஐயா? வாயால சொல்ல வேண்டாம். தலைய மட்டும் ஆட்டுங்க."

அவர் கால்மாட்டில் நின்ற மனைவி நல்லம்மாளைப் பார்த்தார்.

பிறகு ஆட்டினார். நிறுத்தாமல் ஆட்டினார். கண்ணோரம் வழிந்தது.

டாக்டர் நர்சைக் கூப்பிட்டாள். ஊசி ஏறியது.

கால் மணி நேரம் அங்கேயே நின்றாள். கம்பியைப் பிடித்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. துண்டு பல்லிலிருந்து நழுவியது. அவர் தூங்கிப்போனார்.

நல்லம்மாள் துண்டை எடுத்து மடித்து வைத்தாள். டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருப்பீங்கம்மா. போன ஆடியில எங்கண்ணனும் இதே வார்டுலதானுங்க கெடந்தாரு. நீங்கதான் வந்து வந்து கேப்பீங்க. கடைசி வரைக்கும் ஏழு, ஏழுன்னேதானுங்க சொல்லிட்டிருந்தாரு."

அண்ணன் பெயரை டாக்டர் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. ஞாபகம் வந்துவிட்டது.

அன்று தாளில் ஏழு என்று எழுதிவிட்டு, வாசலில் நின்ற அவர் தங்கையிடம், வலி கட்டுக்குள்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று சொன்னாள்.

அந்தத் தங்கை அவள் கையை இன்னும் விடவில்லை.