ஏறாத கை

ஜெயங்கொண்டம் கல்யாண மண்டபத்தின் ஜன்னல் வழியே காலை வெயில் சாய்ந்து விழுகிறது. மேளக்காரர்கள் சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள். வாசிக்கும்போது உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுக்க திருச்சியிலிருந்து ஜெயசுதா மேடம் வந்திருக்கிறார். "கண்ணை மூடிக்கிட்டு, தோள் ரெண்டும் எங்க இருக்குன்னு கவனிங்க" என்கிறார். தவில்காரன் வீரமணி கண்ணை மூடவில்லை. "தோளு வச்ச எடத்துலதான் மேடம் இருக்கு. தவிலடிக்கிறவனுக்கு எதுக்கு இந்த டிரில்லு?" கூட்டம் சிரிக்கிறது. அவன் நெஞ்சை இன்னும் நிமிர்த்துகிறான். நாகஸ்வரத்தை நாற்காலியில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் நிற்கும் அவன் மனைவி தேவயானிக்கு வாயெல்லாம் கசக்கிறது. எத்தனை மேடையில் பார்த்துவிட்டாள் இந்த வெளிவேஷத்தை! "ரெண்டு கையையும் மேல தூக்குங்க" என்கிறார் மேடம். சட்டைகள் சரசரக்க எல்லார் கைகளும் மின்விசிறியை நோக்கி உயர்கின்றன. வீரமணி வலது கையை மட்டும் தூக்கிவிட்டு, இடது கையால் போனை எடுத்துப் பார்க்கிறான். "அவசரமா ஒரு கால் மேடம்."

தேவயானி தூக்கிய கையை இறக்காமலே பேசுகிறாள். "காலும் வரல, ஒண்ணும் வரல மேடம். அவருக்கு அந்தக் கை ஏறாது. ரொம்ப நாளா சட்டையே நான்தான் மாட்டி விடுறேன். நேத்து கோயில்ல வாசிக்கையில குச்சி நழுவி விழுந்துச்சு. மைக்செட்டுக்காரன் இடிச்சிட்டான்னு அவனைப் போட்டுத் திட்டினாரு."

வீரமணி அவளை முறைக்கிறான். அவள் அவன் பக்கமே திரும்பவில்லை. மேடம் அருகே வந்து அவன் இடது தோளில் விரலை வைக்கிறார். "யம்மா!" என்று மண்டபமே கேட்க அலறுகிறான். எவரும் சிரிக்கவில்லை.

"இப்பச் சொல்லுங்க மேடத்துக்கிட்ட," என்கிறாள் தேவயானி, "எங்க வலிக்குதுன்னு."