பேங்க் எங்கே?

"ஏனுங்க, இந்த லாண்டரிய மறுபடியும் பாத்தாச்சு. இந்தப் புள்ள வீடு எங்கதான் இருக்குது?" வசந்தாமணி சலிப்புடன் நின்றுவிட்டாள். பார்க்கிங்கில் தனியாக அழுதுகொண்டிருந்த கொரியச் சிறுமி ஒருத்தி, அப்போதிருந்தே அவள் விரலை விடாமல் கூடவே வந்துகொண்டிருந்தாள்.

நியூஜெர்சியில் அந்தக் குடியிருப்புக்கு அவளும் கணவர் மணியனும் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எல்லாக் கட்டிடங்களும் ஒரே மாதிரி இருந்தன. அக்கம்பக்கம் முழுக்கக் கொரியர்கள். அதற்காகவே மணியன் ஒரு கொரிய மொழிக் கையேடு வாங்கியிருந்தார்.

"ஊன்ஹெங் ஒதியேயோ?" என்று அதைப் பார்த்துச் சிறுமியிடம் கேட்டார். அவள் அவரையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்படின்னா என்னங்க?"

"பேங்க் எங்கேன்னு அர்த்தம்."

"இருட்டப் போகுது, பேங்க் எதுக்கு? வீட்டைக் கேளுங்க."

"புக்குல வீடு இல்ல வசந்தா. பேங்க், போஸ்ட் ஆபீஸ், பஸ் ஸ்டாப்தான் இருக்குது."

"மொதல்ல அந்த புக்க மூடுங்க."

வசந்தாமணி குனிந்தாள். சிறுமியின் மூக்கைத் துப்பட்டாவால் துடைத்தாள். களைப்பில் தமிழ்தான் வந்தது.

"உங்கப்பா எங்க கண்ணு?"

சிறுமி நிமிர்ந்தாள். "அப்பா?" என்றாள். பிறகு தெருவே கேட்கும்படி, "அப்பா!" என்று கத்தினாள்.

எதிர்க் கட்டிடத்திலிருந்து ஒருவர் வெறுங்காலுடன் ஓடிவந்து அவளை வாரி எடுத்துக்கொண்டார்.

"அவங்களுக்கும் அப்பா, அப்பாதானாட்ட இருக்குது," என்றார் மணியன்.

"முருகா, இத மொதல் சுத்துலயே கேக்கத் தோண வெச்சிருக்கக் கூடாதா," என்றாள் வசந்தாமணி, கண்களைத் துடைத்தபடி.